இருங்க தம்பி, எண்ணிக்கிட்டு இருக்கேன்

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் நூல் சுற்றிய இடது சுட்டுவிரல் மேலே எழும்பிவிடும். வலது கையில் கொக்கி ஊசி, மடியில் நூல் பந்து, உதட்டில் "பதினாறு… பதினேழு…". நீங்கள் வந்தது கலியாணப் பத்திரிகை வைக்கவா, அவர் வீட்டுக் குசினியில் புகை வருகிறது என்று சொல்லவா என்பதெல்லாம் பிறகு. "இருங்க தம்பி, இந்த வரிசை முடியட்டும்." வரிசை முடியும். முடிந்ததும் பின்னலை மறுபக்கம் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசையைத் தொடங்குவார். குரோஷேயில் இரண்டு வரிசைகளுக்கு நடுவே மனிதர்களுக்கென்று இடம் விடப்படவில்லை.

முன்பு இந்த அக்கா இப்படி இல்லை. மெல்லிய வெள்ளை நூலில் வட்ட விரிப்புப் பின்னிய காலத்தில் ஊசி ஒரு பக்கம் ஓடும், ஊர்க்கதை ஒரு பக்கம் ஓடும், இரண்டும் முட்டிக்கொண்டதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி தட்டையாகி, அதன் தலையில் விரிப்புப் போட இடமில்லாமல் போனதும் வந்த வினை இது. வேலையில்லாத விரல்கள் யூடியூபுக்குப் போயின. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் வாஃபிள் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளமும் மேடுமாகக் கட்டம் கட்டமாக எழும்பும் தடித்த பின்னல் அது. சாதாத் தையலுக்கு ஊசியைக் கீழ்வரிசைத் தையலின் தலையில் குத்துவார்கள். மேடு வேண்டுமென்றால் தலையை விட்டுவிட்டுத் தண்டைச் சுற்றி ஊசியைக் கொண்டுபோய் நூலை இழுக்க வேண்டும். ஒரு மேடு, இரண்டு சாதா. ஒரு மேடு, இரண்டு சாதா. சாதாப் பின்னலை விட நூல் கூடத் தின்னும். போர்வையாக முடிந்தால் தூக்க இரண்டு கை வேண்டும். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. எங்கள் மாத்தளை நகரம் ஏறத்தாழ 1,200 அடியில் கிடக்கிறது. சித்திரை மாதத்தில் நாங்கள் வேட்டியையே பாரமாக நினைக்கிறோம். அக்கா குழந்தைப் போர்வை பின்னுகிறார்.

பின்னட்டும். என் சண்டை போர்வையோடு இல்லை, எண்ணிக்கையோடு.

கண்டியிலிருந்து வரும் பஸ், அக்குறணை நெரிசலில் நிற்கிறது. கொண்டக்டர் வந்து "கொஹாட்டத?" என்கிறார். அக்கா நிமிராமல் "இருபத்தொன்று" என்கிறார். எங்கே போக வேண்டும் என்று கேட்டவருக்கு இப்படியொரு பதில் வந்தால், இருபத்தொரு பேர் கொண்ட கோஷ்டி என்றுதானே நினைப்பார்? பாவம், பின்சீட்டு வரை ஆள் தேடிப் போய்விட்டு வந்தார். மரண வீட்டிலும் இதே கதை. பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்து உதடு அசைய அசையக் குனிந்திருந்தவரைப் பார்த்து, மந்திரம் உருப்போடுகிறார் என்று எண்ணி, யாரோ ஒரு பெரியம்மாவும் கைகூப்பி உட்கார்ந்துவிட்டார். முந்தானைக்குள் ஊசி இருந்தது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது எந்த ஊரில்? நகரத்துக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் அலுவிகாரை. அங்கேதான் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பிக்குமார் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்தார்கள். அதுவரை, தலைமுறை தலைமுறையாக, அத்தனையையும் வாயாலேயே காப்பாற்றி வந்தார்கள். நடுவில் பஞ்சமும் வந்தது, படையெடுப்பும் வந்தது. அக்காவுக்குப் பதினேழைக் காப்பாற்ற ஊரே மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது.

பத்துத் தையலுக்கு ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள், எண்ணிக்கை தவறினாலும் கடைசி ஊக்கிலிருந்து எண்ணலாம் என்று என் மனைவி யோசனை சொன்னாள். உலகமெங்கும் பின்னுகிறவர்கள் செய்வதுதான். "ஊக்கு நூலைக் கிழிச்சிடும்" என்று மறுத்துவிட்டார். பிளாஸ்டிக்கில் இதற்கென்றே வளையம் வருகிறதே என்றதற்கு, "அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு" என்றார். அப்போதே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவள் பள்ளிக்கூடம் போகும் என் அக்காள் மகள். அவளும் அதே காணொளியைப் பார்த்துப் பின்னுகிறாள், பாட்டுக் கேட்டுக்கொண்டு, தம்பியோடு சண்டை பிடித்துக்கொண்டு. "நீ எண்ணுவதில்லையா?" என்றேன். "எதுக்கு மாமா? கீழே மேடு இருந்தா அதுக்கு மேல சாதா. கீழே சாதா இருந்தா அதுக்கு மேல மேடு. கண்ணு இருந்தாப் போதும்." முதல் வரிசைக்கு மூன்றின் மடங்கில் எண்ணிக்கை சரியாக அமைய வேண்டும், இரண்டாம் வரிசையில் ஒழுங்கு விழ வேண்டும். அதற்குப் பிறகு வாஃபிள் தையல் தானே வழி சொல்லும்.

அதன் பிறகு நான் அக்காவைக் கவனிக்கத் தொடங்கினேன். மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேரும் வீதிக்கு வந்தன. தவில், அரோகரா, காவடி, ஐஸ்கிறீம் வண்டி மணி, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளையின் பெயர். திண்ணையில் அக்காவின் ஊசி நிற்கவில்லை, உதடும் அசையவில்லை. இன்னொரு நாள் எதிர்வீட்டுக்காரி வந்து, உக்குவளைப் பக்கத்துப் பெண் ஒருத்தி யாரோடு ஓடிப்போனாள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அக்கா குறுக்குக் கேள்வி கேட்டார், வருடம் திருத்தினார், மாப்பிள்ளையின் தாய்வழிப் பாட்டியின் பூர்வீகம் வரை போனார். பின்னல் ஒரு வரிசை வளர்ந்தது. ஒரு எண்கூட வெளியே வரவில்லை.

"அக்கா, அந்தச் சீட்டுக் காசு…" என்று என் மனைவி தொடங்கினாள்.

சுட்டுவிரல் எழும்பியது. "முப்பத்தெட்டு."

சீட்டுப் பிடிப்பவர் அக்காதான். எங்கள் முறை தை மாதத்தோடு வந்துவிட்டது. தேர் இருப்புக்குப் போய்ச் சேர்ந்து, சித்திரைப் பலகாரமும் தீர்ந்துவிட்டது. இதைக் கேட்டால் முப்பத்தெட்டு, இரவல் வாங்கிய இடியப்பத் தட்டைக் கேட்டால் நாற்பத்திரண்டு, கணவர் "சோறு ஆச்சா?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நேரே குற்றம் சாட்டினால் வரலாறு வரும். 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது குரோஷேதான் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டது என்பார். உண்மைதான், கன்னியர் மடங்களில் பெண்கள் கற்றுக்கொண்டு, பின்னி, விற்றார்கள். இந்த வேலையை மெஷினால் செய்ய ஏலாது என்பார். அதுவும் சரி. ஏனா டி சில்வா அலுவிகாரைக்குத் திரும்பி வந்து ஊர்ப் பெண்களுக்குக் கைவேலை கொடுத்ததைச் சொல்லி, பெந்தோட்டை ஹோட்டல் கூரையை அலங்கரித்த அவரது பத்திக் துணியையும் சொல்லி, தன் போர்வையை அதற்குப் பக்கத்தில் விரித்து வைப்பார். அந்த அம்மையார் செய்வித்தது பத்திக்கும் பூவேலையும். வேலை செய்த பெண்களுக்குக் கூலியும் ஒழுங்காகப் போயிருக்கும்.

போர்வை என்னவோ அழகாகத்தான் வந்திருக்கிறது. விளிம்பு கோணவில்லை, ஒரு கட்டம் பிசகவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் வாங்கி மடியில் வைத்து, கட்டத்துக்குள் விரலை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பிள்ளை வியர்த்து அழுதது.

போன வாரம் துணிந்து சொல்லிவிட்டேன். "அக்கா, இந்தத் தையலுக்கு எண்ணவே தேவையில்லையாம். கீழ்வரிசையைப் பார்த்தாலே போதுமாம்." ஊசி நின்றது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்படியா தம்பி," என்றார், வெகு சாந்தமாக.

இப்போது பொப்கோர்ன் தையல் தொடங்கியிருக்கிறார். ஒரே ஓட்டையில் ஐந்து தையல் போட்டு, ஊசியைக் கழற்றி, முதல் தையலின் தலைக்குள் விட்டு, கழன்ற வளையத்தை இழுத்தால் ஒரு குமிழ் எழும்பும். நாலு போட்டால் சப்பை, ஆறு போட்டால் பொம்மல். ஒவ்வொரு குமிழுக்கும் எண்ணித்தான் ஆக வேண்டும், விசாரித்துவிட்டேன். சீட்டுக் காசு இன்னும் வரவில்லை.