இப்போதைக்கு: சென்னையின் மேற்குப் புறநகரில் ஒட்டுவேலையின் இலக்கணம்

1. நுதலிய பொருள்

வீடு கட்டுவதற்கு மனையடி சாஸ்திரம் உண்டு. கட்டிய வீட்டில் பால் காய்ச்சுவதற்குப் பஞ்சாங்கம் உண்டு. ஆனால் பால் காய்ச்சிய வீடு ஒழுகத் தொடங்கிய பின் அவ்வீட்டார் மேற்கொள்ளும் அரும்பெரும் முயற்சிகளுக்கு இலக்கணம் வகுப்பார் இல்லை. அக்குறையை நீக்கும்பொருட்டு, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களையும் இடைப்பட்ட நகர்களையும் களமாகக் கொண்டு, வீட்டு ஆய்வாளர் எனப்படுவாரின் கண்வழியே ஒட்டுவேலையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டு ஆய்வாளர் என்பவர், ஒருவர் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்போ சாவி வாங்குவதற்கு முன்போ, கூலி பெற்றுக்கொண்டு அவ்வீட்டின் குற்றங்குறைகளை எழுதித் தருபவர். அமெரிக்காவில் இத்தொழிலோர் 1976இலேயே சங்கம் கண்டுவிட்டனர். இங்கே அப்பணியை நெடுங்காலமாக மைத்துனர்கள் ஊதியமின்றி ஆற்றிவந்தனர். ஒட்டுவேலை என்பது, பழுதின் காரணத்தைத் தொடாமல் அதன் தோற்றத்தை மட்டும் நீக்கும் வேலை. இவ்வரையறையில் ‘தோற்றம்’ என்னும் சொல்லே உயிரானது. ஏனெனில் நீர் வெளிப்படும் இடம் வேறு, அது உட்புகுந்த இடம் வேறு என்பதும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே வீட்டு ஆய்வாளரின் பிழைப்பு என்பதும் பின்னர் நிறுவப்படும்.

2. சொல்லாராய்ச்சி

ஒட்டுவேலைக்குப் பயன்படும் பொருள்களுள் சிமென்ட்டினும் உறுதியானது ‘இப்போதைக்கு’ என்னும் சொல்லாகும். ‘இ’ என்னும் அண்மைச் சுட்டும் ‘பொழுது’ என்பதன் மரூஉவும் புணர்ந்து ‘இப்போது’ ஆகி, ‘ஐ’ என்னும் சாரியையும் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபும் ஏற்று இச்சொல் அமைந்தது. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை முதலாகப் பல பொருள்களை நன்னூலார் சொல்லியிருக்க, மேற்குப் புறநகர்க் கொத்தனார்கள் ‘என்றென்றைக்கும்’ என்னும் புதுப்பொருள் ஒன்றை அதற்கு ஈந்துள்ளனர். “இப்போதைக்கு இது போதும் சார், மழை முடியட்டும், நல்லா பண்ணிக்கலாம்” என்று சொல்லிச் சென்ற பிளம்பர் மழை முடிந்ததும் திரும்பிவந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. மழை முடிந்தபின் அவரை அழைத்த வீட்டாருக்கும் அவ்வாறே. ஆகவே இச்சொல் இருதரப்பும் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் எனக் கொள்க.

3. நிலமும் பொழுதும்

எப்பொருளுக்கும் முதற்பொருளாவன நிலமும் பொழுதும் ஆதலின், அவை ஈண்டு முதலில் கூறப்படும். நிலமாவது, அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி எனப் பெயரிலேயே நீரைத் தாங்கிய பகுதி. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964 வாக்கில் தொழிற்பேட்டையும் தோன்றியபின் ஏரியை நம்பியிருந்த வயல்கள் மனைகளாயின. அம்மனைகளில் எழுந்த வீடுகள் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. சொசைட்டிக் கடனில் தரைத்தளமும், வருங்கால வைப்புநிதியில் முதல்மாடியும், மகன் வேலைக்குப் போனபின் அதற்கு மேல் ஓர் அறையும் எனத் தவணை முறையில் வளர்ந்தவை. இன்னும் ஒரு தளம் எழும் என்னும் நம்பிக்கையின் அடையாளமாக, மொட்டை மாடியின் தூண்தலைகளில் கம்பிகள் முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் முனையில் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்து வைப்பது இப்பகுதியின் மரபு. பாட்டில் முனையை மட்டும் காக்க, துரு அடியில் தொடங்கித் தூணுக்குள் இறங்குகிறது.

பொழுதாவது ஐப்பசியும் கார்த்திகையும். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையிலேயே கொட்டித் தீர்கிறது. வீட்டு வியாபாரமோ தை முதல் வைகாசி வரை, புதுப் பெயின்ட் மணம் மாறாத உலர்ந்த சுவர்களின் நடுவே நடக்கிறது. எனவே விலை பேசும் பொழுதும் உண்மை வெளிப்படும் பொழுதும் ஆறு மாத இடைவெளியில் அமைந்துள்ளன. பெருவெள்ளம் வந்த 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இவ்விடைவெளி ஒரே இரவில் மறைந்தமை நாடறிந்தது.

4. ஐந்திணை

ஒட்டுவேலைகள் கட்டு, ஒட்டு, பூச்சு, முட்டு, மறைப்பு என ஐந்திணைப்படும்.

கட்டுத் திணைக்குக் கருப்பொருள் சைக்கிள் டியூப், கட்டுக்கம்பி, பழம்புடவைக் கரை, உரிப்பொருள் நம்பிக்கை. ஒழுகும் குழாயில் டியூபைச் சுற்றுவது இதன் எளிய வடிவம். இதன் கொடிய வடிவம், எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவைப்பது. குழாய் இரும்பாக இருந்து மண்ணுக்குள் இறங்கிய காலத்தில் அதற்கு ஓரளவு பொருள் இருந்தது. பின்னர் இரும்பு போய் பிவிசி வந்தபோது, ஒயரை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டனர். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது ஆதலின் அவ்வீட்டு எர்த், எங்கும் போகாத பேருந்துக்குரிய நிறுத்தமாக நிற்கிறது. இவ்வொன்றை மட்டும் ஆய்வாளர் நகைப்பதில்லை; 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்துக எனச் சிவப்பு எழுத்தில் எழுதுவார்.

ஒட்டுத் திணைக்குக் கருப்பொருள் எம்-சீல், டெஃப்லான் டேப், உரிப்பொருள் அவசரம். இரு நிறக் களிகளைப் பிசைந்து அப்பினால் கல்லாய் இறுகும் எம்-சீல், உலர்ந்த பரப்பில் நன்கு பிடிக்கும். ஆனால் நீர் வடிந்துகொண்டிருக்கும்போதுதான் அது கடையிலிருந்து வாங்கிவரப்படுகிறது.

பூச்சுத் திணைக்குக் கருப்பொருள் சிமென்ட் பால், பட்டி, வெள்ளையடிப்பு, உரிப்பொருள் மறதி. கூரைத் தளத்தின் கம்பிக்குக் கீழே 20 மி.மீ. கான்கிரீட்டாவது மூடியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. அதற்கென ‘கவர் பிளாக்’ எனப்படும் சிறு சிமென்ட் கட்டைகள் விற்கின்றன. அவற்றுக்கு மாற்றாக ஜல்லிக்கல் வைக்கப்பட்டு, அதுவும் கான்கிரீட் கொட்டும்போது நழுவிவிட, கம்பி வெளிக்காற்றின் ஈரத்தை உண்டு துருப்பிடிக்கிறது. துருவானது மூல இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கொள்ளும் ஆதலின், உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டாமல் பூசப்படும் புதுப்பூச்சு, அத்துருவுக்குத் தைப்பிக்கப்பட்ட புதுச்சட்டையே ஆகும். இரண்டு மழைக்குள் சட்டை கிழியும்.

முட்டுத் திணைக்குக் கருப்பொருள் சவுக்குக் கட்டை, செங்கல், நான்காக மடித்த அட்டை, உரிப்பொருள் அச்சம். தொங்கும் சன்ஷேடுக்கு அடியில் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தபின் அக்கட்டையில் துணிக்கொடி கட்டப்படும். கொடி கட்டப்பட்ட கட்டை அவ்வீட்டின் நிலையான உறுப்பாகிவிட்டது எனத் துணியலாம்.

மறைப்புத் திணைக்குக் கருப்பொருள் மாதக் காலண்டர், சாமி படம், பிவிசி பேனல், ஃபால்ஸ் சீலிங், உரிப்பொருள் நாணம். சுவரில் ஆணியடிக்க ஏற்ற உயரத்துக்குக் கீழே, முழங்கால் அளவில் ஒரு காலண்டர் தொங்குமாயின் அதன் பின்னே ஓதம் உண்டு என்பது அனுமானப் பிரமாணம்.

5. புறனடை

மேற்கூறிய ஐந்தினுள் அடங்காதன இரண்டு உள. ஒன்று, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குதல். பழைய தார்ச் சாலையின்மேல் புதிய சாலையை மீண்டும் மீண்டும் போட்டதனால் தெரு உயர்ந்து வீடு பள்ளமாயிற்று. பழைய பரப்பைச் சுரண்டிய பின்னரே புதிதாகப் போடுக என 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியபோது, பல வீடுகளின் வாசற்படிகள் ஏற்கெனவே மண்ணுக்குள் போயிருந்தன. அவ்வீட்டார் சிலர், அடித்தளத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைச் செருகி, ஒரே சீராகத் திருகி வீட்டைச் சில அடி உயர்த்துகின்றனர். முட்டுத் திணையின் பேருருவான இது, முறையாகச் செய்யப்படுமிடத்துக் காரணத்தையே நீக்குவதாகலின் ஒட்டுவேலை எனும் இழிவுக்கு ஆளாகாது.

மற்றொன்று மழைநீர் சேகரிப்புக் குழாய். 2003இல் தமிழகமெங்கும் இது கட்டாயமாக்கப்பட்டபோது எல்லா வீட்டுச் சுவர்களிலும் குழாய் இறங்கியது. சில வீடுகளில் அது தரைக்கு ஒரு சாண் மேலே, தொட்டியோ குழியோ இன்றி, கடமை முடிந்ததென நின்றுவிட்டது. பழுது தோன்றுவதற்கு முன்பே செய்யப்பட்ட ஒட்டுவேலை இது ஒன்றே.

6. அகழாய்வு

ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில்தான், ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அதிரம்பாக்கம் உள்ளது. அம்மாவட்டத்துக்குரிய அகழாய்வு முறையையே பின்பற்றி, ஒரு கீழ்வீட்டுக் குளியலறையின் உட்கூரையில் தொங்கும் குழாய் முழங்கை (எல்போ எனப் பிளம்பர் வழங்குவது) ஒன்றை அடுக்கடுக்காகப் பிரித்துக் காண்பது பயனுடைத்து. முதல் அடுக்கில் இரும்புக் குழாயின் மரையில் சுற்றிய சணல் நூலும் பெயின்ட்டும். இரண்டாம் அடுக்கில் டெஃப்லான் டேப். மூன்றாம் அடுக்கில் எம்-சீல், அதில் பண்டைப் பானையோட்டில் காண்பது போல ஒரு கட்டைவிரல் ரேகை. நான்காம் அடுக்கில் சைக்கிள் டியூப். ஐந்தாம் அடுக்கில் ஜவுளிக்கடைப் பையும் கட்டுக்கம்பியும். இவ்வைந்துக்கும் கீழே, சொட்டும் நீரை ஏந்த ஒரு பெயின்ட் டப்பா. டப்பாவில் நீர் இருந்தது.

மேல்வீட்டுக் குளியலறையின் தரையில் நிறம் கலந்த நீரை ஊற்றிப் பார்க்கும் எளிய சோதனையில், டப்பாவிலும் அந்நிறம் வந்தது. கசிவு அங்குள்ள நானி டிராப்பின் (தரைநீர் வடியும் கிண்ணத்தின்) ஓரத்தில் இருந்தது. நீர் குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து, தாழ்வான முழங்கையில் வந்து சொட்டியது. ஐந்து தலைமுறை வைத்தியமும், ஒரு பாவமும் அறியாத முழங்கைக்கே நடந்திருக்கிறது. நீர் வெளிப்பட்ட இடத்துக்கும் புகுந்த இடத்துக்கும் இடையே இருந்த தூரம் மூன்றடி.

7. தொழிலியல்

ஆய்வாளரின் கருவிகள் டார்ச், டெஸ்டர், ஈரமானி, மட்டக் குழாய், ஒரு நாணயம் என ஐந்து. நாணயத்தால் தட்டும்போது டொக்கென்னும் ஒலி தரும் டைல்ஸின் கீழே கலவை இல்லை என்பது பொருள். இக்கருவியின் விலை பத்து ரூபாய் என்பதை வாடிக்கையாளர் அறியாதிருத்தல் நன்று. கட்டணம் சதுர அடிக் கணக்கு. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி என்றதும், “பில் இல்லாம எவ்ளோ?” என்னும் வினா எழும்.

இத்தொழிலின் இடுக்கண் குறைகளின் எண்ணிக்கையில் உள்ளது. குறை ஒன்றுமில்லை என்று எழுதினால், கொடுத்த காசு வீண் என வாடிக்கையாளர் வருந்துவார். எண்பது குறை எழுதினால் வியாபாரம் முறிந்து, ஆய்வாளரை அழைத்துவந்த வீட்டுத் தரகர் மறுமுறை அழைக்கமாட்டார். நாற்பது பக்க அறிக்கையைப் பெற்றுக்கொண்ட வாடிக்கையாளர், அதைப் புரட்டாமலே, “அதெல்லாம் இருக்கட்டும், வாங்கலாமா வேணாமா?” என்று கேட்பார். நேர்மையான ஆய்வாளர் இவ்வினாவுக்கு மட்டும் விடை சொல்வதில்லை, மைத்துனர் சொல்லிவிடுவார்.

ஆயினும் அவ்வறிக்கைக்கு ஒரு பயன் உண்டு. பதிவுபெற்ற திட்டங்களில் சாவி கொடுத்த நாள் முதல் ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் முப்பது நாளுக்குள் தம் செலவில் அதைச் சரிசெய்தல் வேண்டும் என 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதிக்கிறது. ஐந்தாண்டையும் ‘இப்போதைக்கு’ என்றே கழித்தவர், ஆறாம் ஆண்டில் அச்சட்டத்தை ஆர்வத்துடன் படிப்பார்.

8. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: ஒட்டுவேலை பெரும்பாலும் கைத்திறன் குறைவால் தோற்பதில்லை, இடம் தவறுவதால் தோற்கிறது. நீர் பொய் சொல்லாது. தாழ்வைத் தேடிப் போவதன்றி அதற்கு வேறு கொள்கையும் இல்லை. மொட்டை மாடித் தளத்துக்கு நூறடிக்கு ஓரடியாவது சரிவு வேண்டும்; அதனைக் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பர். தளத்துக்கு வாட்டம் இல்லையேல் வீட்டுக்காரருக்கு வாட்டம் என்பது இத்துறையின் முதல் சூத்திரமாகக் கொள்ளத் தக்கது.

ஆதலின், வைகாசி வெயிலில் வீடு பார்க்கச் செல்வோர் சாமி படங்களை வணங்கிவிட்டு, அவற்றின் பின்பக்கத்தையும் ஒருமுறை நோக்குக. பின்னர் மொட்டை மாடியில் ஏறி நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க. நீர் தானாகவே வடிகுழாயைத் தேடிப் போனால் விலை பேசலாம். அது நின்று யோசித்தால், வாங்குபவரும் நின்று யோசிப்பது நலம்.