கூரிய கண்ணுடையாள்

ஆயுதச் சட்டத் தாயே, உன் கண்ணின் கூர்மையைப் பாடாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. ராமநாதபுரம் சீமைக்கும் உனக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கும்பெனியார், டிசம்பரிலேயே இந்தச் சீமையில் எவனும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். 1878இல் லிட்டன் பிரபு உன்னை நாடு முழுவதற்கும் ஆக்கியபோது, துப்பாக்கிக்கு இந்தியன் உரிமம் வாங்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம் என்றாய். யாரைச் சோதிப்பது, யாரை விடுவது என்பதில் அன்றே உனக்கு அத்தனை தெளிவு. 1959இல் சுதந்திர நாட்டின் சட்டமாகப் புதுப்பிறவி எடுத்தாய். ஆனாலும் பழகிய பார்வையை மறக்காத நன்றியுள்ளவள் நீ.

உன் எழுத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2007 முதலே சொந்தக் காருக்குள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு போகலாம். இங்கே அப்படியா? உரிமம் உள்ளவர்கூட அதை உறையிலிட்டு முழுக்க மூடித்தான் வெளியில் கொண்டுபோக வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டு விதிகள். உரிமம் இல்லாதவன் வண்டியில் துப்பாக்கி கிடைத்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை என்று 2019இல் தண்டனையைக் கூட்டினாய். கிடைத்தால்! அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. சாதி மோதல் வருமென்று அஞ்சி இவ்விரண்டையும் ஒட்டி மாவட்டமெங்கும் தடை உத்தரவு, சாலைக்குச் சாலை சோதனைச் சாவடி. அப்படி ஒரு சாவடியில்தான் உன்னை நேருக்கு நேர் தரிசித்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய டி.வி.எஸ். 50. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற பெரியவர். பின்னால் சாக்கில் சுற்றிய அருவாள். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது, அலகில் கருவேலம் பிசின் காய்ந்து கறுத்திருந்தது.

"அருவா எதுக்குய்யா?"

"வெறகு வெட்டத்தான் சாமி. வேற எதுக்கு?"

ஒன்பது அங்குல நீளம் அல்லது இரண்டு அங்குல அகலத்தைத் தாண்டிய அலகு ஆயுதம் என்பது உன் கணக்கு. வீட்டு வேலைக்கும் விவசாய வேலைக்கும் ஆனவற்றுக்கு விலக்கு என்று அதே வரியில் எழுதி வைத்திருக்கிறாய். அதை அவரிடம் சொல்லிக் குழப்பவில்லை நீ. வெயிலில் நிற்க வைத்தாய். காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு அவர் நின்றார். வாய் உலர்ந்து, வண்டியின் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைய கூலி போயிற்று.

அந்நேரம் வந்தது கட்சிக்கொடி கட்டிய ஒரு வெள்ளைக் கார். கண்ணாடி நான்கிலும் கறுப்புத்தாள். அந்தத் தாள் கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012இல். முன்கதவின் கண்ணாடி நான்கு விரல் இறங்கியது. "அண்ணன் உள்ள இருக்காரு." அவ்வளவுதான், தடுப்பு நகர்ந்தது. உள்ளே என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. பெரிய மனிதர் உடைமையை எட்டிப் பார்க்காத அந்தக் கண்ணியத்தை யாரிடம் கற்றாய் தாயே? பிசின் படிந்த அருவாளைச் சாக்குக்குள்ளும் காண்கிற கண், கறுப்புக் கண்ணாடி முன்னால் தாழ்ந்துகொள்கிறதே, அந்த நாணம் வேறு எவளுக்கு வரும்?

தேர்தல் வந்தால் உன் நிர்வாகத் திறமை இன்னும் ஓங்கும். வயலுக்குக் காவலாக ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயி அதைத் துணியில் சுற்றிக் காவல் நிலையத்துக்குச் சுமந்து வந்து ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிப் போகிறார். கள்ளத் துப்பாக்கிக்கு ரசீது கிடையாது, அது வருவதுமில்லை. அதனால் உன் ஏட்டில் கணக்கு ஒருபோதும் பிசகியதில்லை. உரிமம் எடுத்தவனையெல்லாம் நீ நன்றாக அறிவாய். உன்னிடம் வராதவனை நீ தேடிப்போய்த் தொந்தரவு செய்ததும் இல்லை.

சாவடியில் நிற்கிற காவலர்களே, சோதனை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. 1957இன் சாதிக் கலவரம் முதல் இந்த மண்ணில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் சோதியுங்கள். பெரியவரின் சாக்கை அவிழ்த்த அதே கையால், அடுத்து வரும் கொடி கட்டிய காரின் கதவையும் திறந்து பாருங்கள்.