பாருங்க அநியாயத்தை

ராத்தாட மகள் ஸ்கூட்டி ஓட்டிப் போகும் படத்தை எடுத்து, கீழே நாலு வரி ஊத்தையாக எழுதி, முகமில்லாத கணக்கொன்று போட்டிருந்தது. மஃரிபுக்குப் பிறகு சாய்ந்தமருதுக் கடற்கரையில் கடலை தின்றுகொண்டிருந்த எனக்கு மச்சான் ஒருவர் அதை அனுப்பினார். கடலையைத் தின்று முடித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

உடனே நாலு வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன்: “பாருங்க அநியாயத்தை. யார்ர வேல இது?” அதுவரை முப்பது பேர் பார்த்திருப்பார்கள். இஷாவுக்குள் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை போய்விட்டது. பிறகு அந்தக் கணக்கோடு சுபஹு வரை கொமண்டில் மல்லுக்கட்டினேன். என் ஒவ்வொரு பதிலுக்கும் பதிவு மேலே மேலே வந்தது. அன்று எனக்குத் தமிழ் நன்றாகவே வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் புத்தி எனக்குப் புதிதல்ல. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை என்று கதை கிளம்பியது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் மிரண்டுபோய்த் தலையாட்டிய வீடியோ நாடெங்கும் ஓடியது. கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகுதான் சொன்னார். மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் திகன எரிந்தபோது பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் ஒரு வாரமளவில் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. நான் கேட்கவில்லை. அந்த வீடியோவை “பாருங்க அநியாயத்தை” என்று அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

விடிந்ததும் ராத்தா வீட்டுக்குப் போய், “மகள், எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கணக்கையும் மூடிருங்க” என்றேன்.

“கணக்க மூட நான் என்ன குத்தம் செஞ்ச? அழிச்சா எதக் காட்டி முறையிடுற மாமா?”

நான் கொமண்ட் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் லிங்க், திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து, பதிவை ரிப்போர்ட் செய்து, ஒரு பிரதியைக் கூட்டாளிக்கும் அனுப்பி வைத்திருந்தாள். கணினி அவசரப் பிரிவின் 101க்கு அழைப்பதா, இணையத் தொல்லைக்கு உதவும் ஹிதவதிக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் எனக்குப் புதுப் பெயர்கள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“நீங்க ஒண்டும் செய்யாம இரிங்க மாமா.”

நாலாம் நாள் பதிவு நீங்கியது. நான் போட்ட நாலு குறூப்பிலிருந்து போனது மட்டும் இன்னும் யார் யார் போனிலோ இருக்கிறது. குடும்பக் குறூப்புக்கு இப்போது அவள்தான் அட்மின்.