எலிக்கு ஒரு ஃபைல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எலிக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. சுவரோரம் விஷக் கட்டி வைத்துப் பூட்டுப் போட்ட பெட்டி, பெட்டிக்கு நம்பர், அது எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு வரைபடம். எல்லாம் வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக. பேக்கிங் அட்டைப்பெட்டிக்குள் எலிப் புழுக்கை போய்விட்டால் சரக்கே திரும்பலாம், பயம் நியாயம்தான். ஆனால் பெட்டிகளைச் சோதித்து எழுதும் பதிவேடுகள் சிலவற்றைப் புரட்டினால் 'எலி இல்லை', 'எலி இல்லை' என்று ஒரே பேனா, ஒரே கையெழுத்து. இன்னும் பிறக்காத மாதத்துக்கும் சேர்த்தே எழுதிவிட்டார்களோ என்னவோ.

எலியை நிஜமாகவே தடுக்க, பருத்தி வயலில் கேட்டுப் பழகிய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை கட்டடத்துக்கும் உண்டு. அதில் மருந்து கடைசி ஆயுதம். முதலில் நுழைகிற வழியை அடை, தின்னக் கிடைப்பதை எடு, பொறியில் விழுந்ததை எண்ணு. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். நம் ஷட்டருக்கு அடியில் கையே நுழையும். பின்பக்கம் குட்டி போடத் தோதாகக் கட்டிங் வேஸ்ட் குவியல். தையல் மெஷினுக்கு அடியில் சாயங்கால டீயோடு தின்ற போண்டாத் துணுக்கு. இதை விட்டுவிட்டு எந்த எலி விஷக் கட்டியைச் சீண்டும்?

ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி மருந்து வைக்கும் முதலாளிமாரே, அந்தக் காசில் ஷட்டருக்கு ஒரு ரப்பர் பட்டை வாங்குங்கள்.