ஜடேஜாவைக் கொடுத்துச் சாம்சனை வாங்கியது முறையா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கருத்துகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் அன்று தொடங்கிய வாதம், பேசியவர்கள் ஆவடியில் இறங்கிப் போன பிறகும் முடிந்தபாடில்லை. ஓர் அணி தன் நட்சத்திரத்தைக் கொடுக்கலாமா? கொடுத்தால் ஈடாக இன்னொரு நட்சத்திரத்தை வாங்குவதா, இன்னும் பெயர் வாங்காத நாளைய பிள்ளைகளை வாங்குவதா? இவையே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாக்கள்.

ஆய்வு எல்லை, வடக்கே ஆவடி, தெற்கே பூந்தமல்லி, கிழக்கே பாடி மேம்பாலம். மேற்கே எல்லை வகுக்க இயலவில்லை. பட்டாபிராம் தாண்டியும் ஆட்கள் கருத்து வைத்திருக்கிறார்கள். இவ்வட்டாரத்தைத் தேர்ந்தது என்னையெனின், சேப்பாக்கத்துக்கு நடந்து போகக்கூடியவர்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். டிக்கெட் கிடைக்காமல் டீக்கடை டிவி முன்னால் நிற்பவர்களே ஆட்டத்தைப் பற்றிச் சிந்திக்கிறார்கள் என்க.

பரிமாற்றத்துக்குப் பிந்தைய ஆட்ட முடிவுகள் இங்கே தரவாகக் கொள்ளப்படவில்லை. முடிவு தெரிந்த பிறகு “நான் அப்பவே சொன்னேன்” என்று சொல்லும் துறையில் ஏற்கெனவே போதிய அறிஞர்கள் உள்ளனர்.

அளவை

ஆட்டக்காரர் மதிப்பைக் கோடியில் சொன்னால் நம்மவர் மனத்தில் பதிவதில்லை. கோடி என்பது நாம் எண்ணிப் பார்த்த பொருளன்று. அமெரிக்கக் கால்பந்தில் இதற்கென ஒரு புள்ளிப் பட்டியல் உண்டு. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியினர் வகுத்தது. அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் இளைஞர் தேர்வில் முதல் வாய்ப்புக்கு 3000 புள்ளி, பின்னே வருவன இறங்குவரிசையில். நமக்கும் ஓர் அலகு வேண்டும். இக்கட்டுரை ‘தோனி’ என்னும் அலகை முன்மொழிகிறது. 1 தோனி = 4 கோடி ரூபாய்.

இது ஆய்வாளர் கற்பனையன்று. 2011இல் உலகக் கோப்பையை வென்று தந்த தலைவர் தோனி, 2019 உலகக் கோப்பை அரையிறுதிக்குப் பின் இந்தியாவுக்கு ஆடாததால், ஐபிஎல் விதிப்படி ‘இந்தியாவுக்கு ஆடாதவர்’ ஆகிவிட்டார். அவ்வகையாருக்கு உரிய 4 கோடிக்கே சென்னை அவரைத் தக்கவைத்தது. மாறாத அளவுகோல் என்று ஒன்றைத் தேடினால், 44 வயதிலும் மாறாதவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா?

இவ்வளவையால் கணக்கிட, ஜடேஜா 18 கோடி, ஆகவே 4.5 தோனி. சாம்சனும் அதே 18, அதே 4.5. சாம் கரன் 2.4 கோடி, 0.6 தோனி. ஆனால் ஜடேஜா ராஜஸ்தான் போய்ச் சேர்ந்தபோது 14 கோடியாக, அதாவது 3.5 தோனியாகக் குறைந்திருந்தார். வழியில் ஒரு முழு தோனி காணாமல் போயிற்று.

எங்கே போயிற்று எனின், இங்கேதான் இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. சென்னை கொடுத்தது 20.4 கோடிக்கான ஆட்கள், வாங்கியது 18 கோடிக்கான ஆள், மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் கொடுத்தது 18, வாங்கியது 16.4, மிச்சம் 1.6 கோடி. பண்டமாற்று செய்த இருவருக்கும் மிச்சம்! இருவர் மிச்சத்தையும் கூட்டினால் சரியாக 4 கோடி. 0.6 தோனி சென்னைக்கும் 0.4 தோனி ராஜஸ்தானுக்கும் போக, ஜடேஜாவுக்குப் போனது ஊர் மட்டும். ஐபிஎல் விதிப்படி ஆட்டக்காரர் ஒப்புக்கொள்ளாமல் பரிமாற்றம் நடவாது. ஆகவே அவரும் சம்மதித்துத்தான் போயிருக்கிறார். இதே ஜடேஜா 2010இல், ராஜஸ்தானை விட்டு வேறு அணிக்குப் போகத் தானாகப் பேசினார் என்று ஓராண்டு தடை வாங்கியவர். ஆட்டக்காரர் பேசினால் குற்றம், அணிகள் பேசினால் வர்த்தகம் என்பது இதனாற் பெறப்படும்.

கொசுறுக் கோட்பாடு

சாம் கரனைப் பற்றி ரயிலில் யாரும் பேசவில்லை. பேசாததே தரவு. 2022 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 18.5 கோடிக்கு எடுத்தபோது, அதுவரை ஐபிஎல் கண்ட அதிகபட்ச விலை அதுதான். நம் அளவையில் 4.625 தோனி. இரண்டே ஆண்டில் 0.6 ஆகி, பிறகு கொசுறாகிப் போனார்.

காய்கறிக் கடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகக் கொடுப்பவர் கடைக்காரர். கேட்டு வாங்குபவர் வாடிக்கையாளர். கொசுறு எதிர்த்திசையில் போனதற்கு ஆவடி மார்க்கெட்டில் சான்றில்லை. கத்தரிக்காய் வாங்கிய அம்மா தன் பையிலிருந்து ஒரு கொத்து எடுத்துக் கடைக்காரருக்குக் கொடுத்ததை ஒருவரும் கண்டதில்லை. ஆகவே கொசுறு கொடுத்த சென்னையே கடைக்காரர், ராஜஸ்தானே வாடிக்கையாளர். ஆனால் அம்பத்தூர் ஓ.டி. முழுக்க “சாம்சனை வாங்கிட்டோம்” என்ற பேச்சுதான். “ஜடேஜாவை வித்துட்டோம்” என்று சொல்ல ஒரு வாயும் எழவில்லை. விற்றவர் வாங்கியவராகத் தம்மை உணரும் இந்நிலை மேலும் ஆராயத்தக்கது.

நட்சத்திரத்தின் இலக்கணம்

ஜடேஜா யார் என்பதில் கருத்து வேறுபாடில்லை. 2012 முதல், இடையே சென்னைக்குத் தடை விதிக்கப்பட்ட 2016, 2017 நீங்கலாக, 12 பருவம் மஞ்சள் உடுத்தவர். 2023 இறுதியாட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளி, நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும் என்று நின்றது. மோகித் சர்மா வீசிய ஒன்று ஆறு, அடுத்தது நாலு. ஐந்தாவது கோப்பை. தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். இவ்வட்டாரத்தில் அந்த நள்ளிரவுக்குப் பின் தூங்கியவர் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

அற்றேல், அத்தகையவரை விட்டதற்குப் பூந்தமல்லி பொங்கி எழாதது ஏன்? விடை அதே 2023இல் இருக்கிறது. அந்த மே மாதம், தாம் மேலே இறங்கினால் தாம் எப்போது அவுட் ஆவோம் என்றே கூட்டம் காத்திருக்கும் என்று ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. அவர் போனால்தான் தோனி வருவார். சொந்த அணிக்காரர் அவுட்டானதற்குச் சொந்த ஊரே விசிலடித்த வரலாறு உலக விளையாட்டில் அரிது. குமணன்சாவடி டீக்கடைகளில் அது வாடிக்கை. 2024இல் அணியே அவருக்குக் ‘கிரிக்கெட் தளபதி’ என்று பட்டம் உறுதி செய்தது. தோனி என்னும் தலை இருக்கும்வரை தளபதிக்கு அரியணை இல்லை என்பது அப்பட்டத்திலேயே அடங்கிவிட்டது. 2022இல் எட்டு ஆட்டம் மட்டும் தலைமை தாங்கித் தோனியிடமே திரும்பக் கொடுத்தார். அது இங்கே விரிப்பிற் பெருகும்.

முன்னோர் வழக்கு

நட்சத்திரத்தைக் கொடுத்து நாளையை வாங்குவது பற்றி மேலைநாட்டார் முறையாக ஆராய்ந்துள்ளனர். 1989 அக்டோபரில் டல்லஸ் அணி ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்துத் தேர்வு வாய்ப்புகளாக வாங்கிக் குவித்தது. அந்த வாய்ப்புகளின் வழி வந்தவர்களுள் ஒருவர் எம்மிட் ஸ்மித். 1990களில் டல்லஸ் மூன்று முறை பட்டம் வென்றது. 2022 மார்ச்சில் கேன்சஸ் சிட்டி அணி, எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பதில் நிகரற்ற டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து தேர்வு வாய்ப்புகளை வாங்கியது. தொடர்ந்து இரண்டு ஆண்டும் பட்டம் கேன்சஸுக்கே. ஆகவே கொடுப்பதே அறிவு என்பார் உளர்.

அது பொருந்தாது. நம் நாட்டில் 2023 நவம்பரில் குஜராத், ஹார்திக் பாண்டியாவை மும்பைக்கு முழுப் பணத்துக்குக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் குஜராத் எட்டாம் இடம், மும்பை பத்தாம் இடம். கொடுத்தவரும் கெட்டு, வாங்கியவரும் கெட்ட பரிமாற்றம் அது. ஆட்டக்காரருக்குச் சொந்த மைதானத்திலேயே ஏச்சு வேறு. சென்னையின் சொந்த மரபோ இவை இரண்டிலும் சேராது. 2022 பிப்ரவரி ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் வந்தபோது, சின்னத் தல என்று கொண்டாடப்பட்டவருக்கு ஒரு கையும் உயரவில்லை. ஈடும் இல்லை, கொசுறும் இல்லை. அதனோடு ஒப்பிட, ஜடேஜாவுக்கு ஈடாக ஓர் ஆள் கிடைத்தது முன்னேற்றமே.

தெருக் கிரிக்கெட் மரபிலும் இதற்கு இடமுண்டு. இரண்டு கேப்டன்கள் சாட் பூட் த்ரீ போட்டு, மாறி மாறி ஆள் எடுப்பது அம்பத்தூர் எஸ்டேட் பின்புறத் தெருக்களில் அன்றாட நடைமுறை. அமெரிக்கர் தேர்வு வாய்ப்பு என்று அரங்கம் பிடித்து நடத்துவதும் இதுதான். ஆள் ஒற்றைப்படையானால் எஞ்சியவர் இரு பக்கமும் ஆடும் ஜோக்கர். 2008இல் ராஜஸ்தானில் தொடங்கி அங்கேயே திரும்பிய ஜடேஜாவை இவ்வகையில் அடக்குவாரும் உளர். அது மரியாதைக் குறைவு. இம்மரபில் மாற்றவே முடியாதவர் ஒருவர்தான், மட்டைக்குச் சொந்தக்காரர். அவர் டக் அவுட் ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் ஓப்பனிங். ‘சென்னை 600028’ படத்தில் ராயபுரத்து ரகு வீடு மாறி எதிரணிக்கே ஆட நேர்ந்தபோது, ராயபுரத்தாருக்கு ஈடாக யாரையும் யாரும் கொடுக்கவில்லை. அமெரிக்கராயின் இரண்டு தேர்வு வாய்ப்பாவது கேட்டிருப்பர்.

ஆவடித் தீர்மானம்

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. அதன்படி ஒரே ஆளிடம் குவிந்த 4.5 தோனியைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதே ஆவடி நெறி. சென்னை செய்தது நேர்மாறு: ஒரு 4.5ஐக் கொடுத்து இன்னொரு 4.5ஐ வாங்கியது.

ஆனால் கதை நவம்பரில் முடியவில்லை. டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்துக்கு 43.4 கோடியோடு போன சென்னை, இந்தியாவுக்கு ஆடாத இருவரை, ஒவ்வொருவரையும் 14.2 கோடிக்கு எடுத்தது. இருவரின் தொடக்க விலையும் 30 லட்சம்தான். ஒருவர் 19 வயதுக் கார்த்திக் சர்மா, விக்கெட் கீப்பர். மற்றவர் 20 வயதுப் பிரசாந்த் வீர்; இடக்கைச் சுழல், இடக்கை மட்டை. இன்னொரு ஜடேஜா என்று நேரடியாகச் சொல்ல நாணி வேறு விதமாகச் சொன்னால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

இங்கே இரண்டாம் கண்டுபிடிப்பு. ஜடேஜா 3.5 தோனிக்கு மதிப்பிடப்பட்டுப் போனார். ஜடேஜா ஆகக்கூடும் என்று நம்பப்படுபவர் 3.55 தோனிக்கு வந்தார். ஆனவரைவிட ஆகக்கூடியவர் 0.05 தோனி, அதாவது 20 லட்சம் அதிகம். கொடுத்த பொருளின் உண்மை விலை, அதையே திரும்ப வாங்கப் போகும்போதுதான் தெரிகிறது.

முந்தைய பருவத்தில் சென்னை 14 ஆட்டத்தில் நாலே வெற்றியோடு கடைசி இடம் பிடித்தபோது, நடுவில் 30 லட்சத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32 அடித்தார். 0.075 தோனிக்கு அவ்வளவு கிடைத்ததைக் கண்டவர்கள், 3.55 தோனிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். கூட்டலும் பெருக்கலும் சரி. இளைஞர்கள் அப்படி வளர்வதில்லை என்பதுதான் சிக்கல்.

எதிர்வாதமும் துணிபும்

டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற ஒருவரும் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரும் திருமுல்லைவாயல் அருகே நிகழ்த்திய விவாதம், அதன் செறிவு கருதி அப்படியே தரப்படுகிறது.

“ஏன் தம்பி, சாம்சன் கீப்பர்னா தல எங்க நிப்பாரு?”

“தல போனப்புறம் நிக்கறதுக்குத்தான் சார் இவரு.”

“அவரு எங்க போறாரு?”

“அதில்ல சார், போனா…”

“அப்ப அந்தக் கார்த்திக்குப் பையன்? அவனும் கீப்பரு.”

“சாம்சன் போனப்புறம் சார்.”

போகாத ஒருவரின் இடத்துக்கு வந்தவர் போன பிறகு வர வேண்டியவரையும் இப்போதே வாங்கிவைக்கும் இத்தொலைநோக்கை ஆய்வாளர் மதிக்கிறார். அம்பத்தூர் ஏரிக்கும் இப்படி முன்கூட்டியே திட்டமிட்டிருக்கலாம்.

ஆய்வாளர் துணிபு: டிசம்பர் 6ஆம் தேதி 37 வயது தொடவிருந்தவரைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்கியதில் தவறில்லை. இடம் காலியானால் நிரப்ப ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மட்டையும் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் சரி. தவறு கொசுறில் இருக்கிறது. தளபதியைக் கொடுக்கும் கடைக்காரர் கறிவேப்பிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். கேட்டால் “இன்னிக்கு வரல” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆவடி மார்க்கெட்டில் அனுபவம் உள்ள ஒருவரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியிருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

மேலாய்வுக்கு உரியவை

பிரசாந்த் வீர் நினைத்தபடி வளர்ந்து, கோப்பை வென்று, அவர் அவுட்டானால் அடுத்தவர் வருவார் என்று இவ்வட்டாரம் விசிலடிக்கும் நிலையை அடைந்தால், 2041 டிசம்பர் வாக்கில் அவருக்கு 36 வயது ஆகியிருக்கும். அவரைக் கொடுக்கலாமா என்ற கேள்வி அப்போது எழும். அதை எடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் பூந்தமல்லி மெட்ரோவில் தரவு திரட்டுவது எளிது. அன்றைய நிலையில் ஒரு தோனி எத்தனை கோடி என்பதையும், தோனி இன்னும் கீப்பிங் செய்துகொண்டிருக்கிறாரா என்பதையும் அந்த ஆய்வாளரே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.