ஐந்து டாலர் ஜீன்ஸின் பாவக்கணக்கு

அமெரிக்காவின் குட்வில் என்ற தொண்டு அமைப்பின் கடையில் ஐந்து டாலருக்கு எடுத்த பழைய லீவைஸ் ஜீன்ஸை இணையத்தில் ஐம்பதுக்கு விற்பவரை, ஏழையின் தட்டில் கைவைத்தவர் என்று ஏசுகிறார்கள். ஏச்சு முகவரி தப்பிப் போகிறது. 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய அந்த அமைப்பு, பழம்பொருள் விற்ற காசில் வேலைப் பயிற்சி தருகிறது. கல்லாவில் விழும் டாலர் யாருடையது என்று பார்ப்பதில்லை. நல்ல சரக்கைத் தானே பொறுக்கி இணையத்தில் ஏலம் விடவும் 1999லேயே கற்றுக்கொண்டது. தர்மகர்த்தாவே ஏலம் கூவும்போது, பக்தன் வாங்கி விற்றதுதான் குற்றமா?

இப்படி வாங்கி விற்பவர்களால் விலை ஏறுகிறது என்பார்கள். ஏறலாம், குளிர்காலக் கோட்டையும் குழந்தைகளின் ஷூவையும் ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போகிறவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சரக்குக்குப் பஞ்சம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கடையில் விலைபோகாதது எடைக்குப் போகிறது. அங்கும் மிஞ்சியதில் ஒரு பங்கு பொதியாகக் கட்டிக் கப்பலேறுகிறது. கானாவின் அக்ரா நகரச் சந்தையில் அந்தத் துணிக்குச் ‘செத்த வெள்ளைக்காரன் உடை’ என்றே பெயர். பொதிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமலே காசு கொடுத்து வாங்கி, கறை போக்கி, பொத்தான் தைத்து விற்கும் அந்த ஊர்க்காரியை யாரும் பேராசைக்காரி என்பதில்லை. ஜீன்ஸ்காரரும் அதே தொழில்தான் செய்கிறார், என்ன, குலுக்கல் சீட்டு எடுக்காமல் பிரித்துப் பார்த்து வாங்குகிறார்.