தப்பான மரத்தடி

ஏலே பேராண்டி, மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு மூலையில உக்காராதே. உங்க மேனேஜர் மீட்டிங்குல ‘பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ’ன்னு சொன்னாராமே. நீ பைக்கைத் தப்பான மரத்தடியில விட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்! நம்ம நவி மும்பை கோபர்கைரனேயில அது புதுசா என்ன? செக்டருக்குச் செக்டர் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வண்டிதான். “அபராதத்தைக் கட்டி மீட்டுட்டு வாடா”ன்னு நான் ஆறுதல் சொன்னா, நீ இன்னும் முறைக்கிறே. உன் தங்கச்சிதான் சிரிச்சுக்கிட்டே சொன்னா: “தாத்தா, அது வண்டி விடுறதில்ல, நாய் குரைக்கிறது.” ஆக, முதல்ல தப்பான மரத்தடிக்குப் போனவன் நான்தான்.

நாய்னுட்டாரேன்னு உனக்கு ரோசம். எந்த நாய்னு தெரிஞ்சுக்கிட்டுக் கோவிச்சுக்கோ.

அமெரிக்காவுல ரக்கூன்னு ஒரு பிராணி. கண்ணைச் சுத்தித் திருடன் கட்டின துணியாட்டம் கறுப்பு, வால்ல வளையம் வளையமா. ராத்திரியில திரியும், துரத்தினா மரமேறிக்கும். நாய் மோப்பம் பிடிச்சு முன்னால ஓடி, மரத்தடியில நின்னு மேல பார்த்துக் குரைக்கணும். வேட்டைக்காரன் லாந்தரைத் தூக்கிக்கிட்டு அந்தச் சத்தத்தை வச்சே வந்து சேருவான். அங்கதான் வில்லங்கம். ரக்கூன் கிளை வழியா அடுத்த மரத்துக்குத் தாவியிருக்கும். இந்த நாய் தொண்டை கிழியக் குரைக்கும். மேல வெறும் இலைதான். 1832-ல ஜேம்ஸ் கிர்க் பால்டிங் எழுதின ‘வெஸ்ட்வர்ட் ஹோ’ நாவல்லயே இந்தப் பேச்சு அச்சாகியிருக்கு.

நம்ம கரிசல் பக்கம் இது ஏன் முளைக்கலன்னு கேளு. சிப்பிப்பாறை நாய் மூக்கை விடக் கண்ணைத்தான் நம்பும். முயலைக் கண்டா குரைச்சுக்கிட்டு நிக்காது, ஒரே ஓட்டம். முயலுக்கும் மரமேறத் தெரியாது. (இப்ப அதெல்லாம் பேச்சோட சரி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைத் தொட்டா கம்பி எண்ணணும்.) அதனால நாம, யானையைக் காணோம்னு குடத்துக்குள்ள கைய விட்டவன்னோம். உங்க மேனேஜர் அதைச் சொல்லியிருந்தா உனக்கு இன்னும் அசிங்கம். குடத்துக்குள்ள கை விட்டவன்கிட்ட எதுவுமே சரியில்ல. நாய்க்கோ மோப்பம் சரி, காடு சரி, வந்த வழி சரி. கடைசி மரம்தான் தப்பு.

நான் இங்க வந்த புதுசுல செம்பூருக்கு, உன் பாட்டியோட தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் சரி, பிளாட்பாரம் சரி. வாஷி போய் வண்டி மாறணும். வாஷி வண்டின்னு ஏறினது பன்வேல் வண்டி. துர்பே வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே பாதை, சந்தேகமே வரல. அடுத்து சான்பாடா வரணும், ஜுயிநகர் வந்து நிக்குது. அங்கயே இறங்கியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? எதிர்ல இருந்தவர்கிட்ட, “இன்னிக்கு வண்டி சுத்திப் போகுது போல”ன்னு விளக்கம் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். நெரூல் வந்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. திரும்பி செம்பூர் போய்ச் சேர்றதுக்குள்ள கருவாட்டுக் குழம்பு ஆறிப்போச்சு.

நீ ரெண்டு நாளா நெட்வொர்க்கைக் குடைஞ்சியாம், கோளாறு டிஸ்க் நிரம்பினதுல. முதல் நாள் குடைஞ்சதை யாரும் குத்தம் சொல்லல. பக்கத்து சீட்டுப் பிள்ளை “டிஸ்க்கைப் பாருங்கண்ணா”ன்னு சொன்னப்புறமும் குடைஞ்சே பாரு, அந்த ரெண்டாம் நாள்தான் உன் ஜுயிநகர். மேனேஜர் வாயைத் திறந்தது அதுக்குத்தான். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டிங் சாயா வாங்கிக் கொடு.

அதுக்கு முன்னால கீழ போ. நீ பைக்கை விட்ட மரத்தடியில ஒருத்தன் நம்ம ஜன்னலைப் பார்த்து அரை மணி நேரமா மராட்டியில கத்திக்கிட்டிருக்கான். அவன் சரியான மரத்தடியிலதான் நிக்கிறான்.